பச்சைக் களிம்பு

யுடெல்காவுக்கு மூக்கு கொஞ்சம் அதிகப்படி. லா வேகா ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பார்லர் வைத்திருந்தாள். ஒரு பெண் வாசலில் வந்து நின்றாலே போதும், தலைக்கு என்ன போட்டிருக்கிறாள், எத்தனை நாளாகத் தலைக்குக் குளிக்கவில்லை, வரும் வழியில் என்ன தின்றாள் என்பது வரை சொல்லிவிடுவாள். எண்ணெய்ப் பிசுக்கு அவளுக்கு ஆகவே ஆகாது. துண்டுகளைக் கொதிநீரில் அலசுவாள், சீப்புகளை மாலையில் பிளீச்சில் ஊறப்போடுவாள். அடுத்த நாற்காலியில் வேலை செய்த மரிவெல், "இவ செத்தாக்கூட சவப்பெட்டிய மோந்து பாத்துட்டுத்தான் உள்ள படுப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள்தான் அந்தக் களிம்பை ஏழு மாதம் தன் கையாலேயே தன் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

வலி வந்தது தொழிலால். வலது கையில் ட்ரையரை உயரத் தூக்கிப் பிடித்து, இடது கையில் உருளைச் சீப்பைச் சுழற்றி, ஊர்ப் பெண்களின் சுருட்டை முடியை நேராக்குவதில் இருபத்திரண்டு வருடம் போயிருந்தது. சனிக்கிழமையென்றால் பதினான்கு தலை. முதலில் தோளுக்குள் லேசாகக் குத்தியது. பிறகு கை காதுக்கு மேல் போனாலே, உள்ளே யாரோ கத்தரி வைத்து நறுக்குவது போல் இருந்தது. உள்பாடியின் கொக்கியை முன்பக்கம் மாட்டிப் பின்னால் திருப்பிக்கொண்டாள். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

டாக்டர் அல்மான்சர் அம்மாள் படம் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். "கையத் தூக்குற ஜவ்வு எலும்புல உரசி உரசி நைஞ்சிருக்கு. லேசாக் கிழிசலும் விழுந்திருக்கு. இந்த ஜெல்ல மூணு வேளை தடவுங்க. ரப்பர் பட்டைய வச்சு நான் சொல்ற பயிற்சிய தினமும் செய்யணும். ஆறு மாசம் ஆகும்."

"ஆறு மாசமா? டாக்டர், எனக்குச் சனிக்கிழமை பதினாலு தலை."

"ஏழாக் குறைச்சுக்கங்க."

ஜெல்லை மூன்று வாரம் தடவினாள். வலி கொஞ்சம் அடங்கியது, போகவில்லை. ரப்பர் பட்டை கதவுக் கைப்பிடியில் தொங்கியது. நாலாம் வாரம் மரிவெல் அதில் துண்டு காயப்போட ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி ரடாமேஸ் வந்தான்.

அவளைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்குப் பதினொன்று. அன்றிலிருந்து அடுத்தவர் தலையைக் கழுவித்தான் யுடெல்கா அவனுக்குச் சோறு போட்டாள். வளர்ந்து ஆளானபின் மணல் லாரி ஓட்டினான், போன் உறை விற்றான், மாட்டு மருந்துக் கடையில் இரண்டு வருடம் நின்றான். எதிலும் நிலைக்கவில்லை. வாய் மட்டும் சர்க்கரைப் பாகு.

"அக்கா, சட்டையத் தோளுக்குக் கீழ இறக்கு" என்றான். கையில் சீட்டு ஒட்டாத ஒரு டப்பி. உள்ளே கிளிப்பச்சை நிறத்தில் களிம்பு.

"என்னடா இது?"

"மலைப்பாம்புக் கொழுப்பு. கோன்ஸ்தான்சா மலையில ஒரு பெரியவர் காய்ச்சுறாரு. எல்லாருக்கும் குடுக்கமாட்டாரு."

யுடெல்கா மோந்து பார்த்தாள். கற்பூரம், புதினா உப்பு, கிராம்பு. அதற்கெல்லாம் அடியில் வேறொன்று படுத்திருந்தது. தெரிந்த வாசனைதான், பெயர்தான் வரவில்லை.

"அடியில என்னமோ இருக்குடா."

"பாம்பு இருக்கு. பாம்பு பின்ன ரோசாப்பூ மாதிரியா மணக்கும்?"

மரிவெல் சிரித்துவிட்டாள். யுடெல்காவுக்கும் சிரிப்பு வந்தது. தம்பி இரண்டு விரலால் வழித்து எடுத்து, அக்காவின் தோளில் வட்டம் வட்டமாக, பொறுமையாகத் தேய்த்தான். தோல் முதலில் சில்லிட்டது, அப்புறம் சுட்டது. தன் தோளை ஒரு மனிதன் அத்தனை பக்குவமாகத் தொட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை கண்ணாடி முன் நின்று தன் தலையைத் தானே வாரினாள். கை உச்சி வரை போனது. நம்பாமல் இன்னொரு தடவை தூக்கினாள். போனது. அந்தச் சனிக்கிழமை பதினாறு தலை முடித்தாள். மாலையில் அவள் இடுப்பை ஆட்டிக்கொண்டே தரை பெருக்கியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

ரடாமேஸ் அதைப் போனில் படம் பிடித்தான். "இருபத்திரண்டு வருஷமாத் தலை வாரிவிடுறேன். கை தூக்க முடியாமக் கெடந்தேன். இப்பப் பாருங்க!" என்று அவள் கையை வானத்துக்குத் தூக்கி ஆட்டும் படம். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. அதிலிருந்தே அவள் முகத்தை வெட்டியெடுத்துச் சீட்டு அடித்தான். பச்சை டப்பியின் மேல் கை தூக்கிச் சிரிக்கும் யுடெல்கா. கீழே "புனிதக் கை" என்று பெயர். பார்லர் கண்ணாடி ஓரத்தில் டப்பிகள் வரிசையாக நின்றன. அவள் எதையும் கூவி விற்கவில்லை. கேட்டவர்களிடம், "நான் போட்டேன், எனக்குச் சரியாச்சு" என்றாள். அதற்கு மேல் விளம்பரம் எதற்கு?

வெள்ளிக்கிழமைதோறும் வரும் எர்சிலியா டீச்சரும் கேட்டார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், எழுபத்தொரு வயது, சர்க்கரை வியாதி. முடியைப் பற்றிய கர்வம் மட்டும் குறையவில்லை. வலது தோள் இறுகி ஒரு வருடமாகக் கை முதுகுப் பக்கம் போகவில்லை.

"நீ போட்டுப் பாத்தியாடி? பொய் சொன்னா காதத் திருகிடுவேன்."

"டீச்சர், உங்ககிட்டப் பொய் சொல்லுவேனா? இதோ பாருங்க." கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப ரெண்டு டப்பி குடு."

யுடெல்காவே முதல் தடவை தடவிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மரிவெல் முகத்தைச் சுளித்தாள். "ஏன் யுடெல்கா, காலங்காத்தால பூண்டா மென்னுட்டு வந்த?"

"பூண்டா? காபி மட்டும்தான் குடிச்சேன்."

"அப்ப உள்ள ஏதோ அழுகுது போ."

அன்றிலிருந்து அவள் கையால் வாயை மூடி ஊதி ஊதி மோந்து பார்த்தாள். உண்மைதான். பூண்டும் கெட்டுப்போன சிப்பியும் கலந்த நாற்றம். நாக்கிலேயே ஊறியது. மூன்று வேளை பல் துலக்கினாள். வாடிக்கையாளரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசப் பழகினாள். ஊரார் அழுக்கையெல்லாம் மோந்து சொன்னவளுக்குத் தன் வாயே நாறுவது பெரிய அவமானமாக இருந்தது.

அடுத்தது எறும்பு. ஒரு விடியற்காலையில் தோளில் ஊறலெடுத்து எழுந்தால், சுவரிலிருந்து கட்டில்கால் வழியாகத் தலையணை வரை ஒரு சாரை. தலையணையிலிருந்து அவள் தோளுக்கு. சின்னச் சின்னச் செவ்வெறும்புகள் மொய்த்துக்கொண்டு, சாவகாசமாக, ஏதோ விருந்துக்கு வந்தது போல. அவள் அலறிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். சோப்பு போட்டுத் தேய்த்தபோது தோலில் ஓர் இடம் ஈரக் காகிதம் போல உரிந்து கையோடு வந்தது.

வெளிச்சத்தில் பார்த்தாள். தோள் முழுக்கக் கத்திரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாகக் கன்றியிருந்தது. தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, அடியில் ரத்த நாளங்கள் புழுக்களாகத் தெரிந்தன. சீழ்க்கொப்புளங்கள். நடுவில் கருகருவென்று பூனை முடி முளைத்திருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். "அதுதான்க்கா நல்ல அறிகுறி! உள்ள இருந்த விஷமெல்லாம் வெளிய வருது. வலி இருக்கா?"

"வலி இல்ல."

"அப்புறம் என்ன? விடாம போடு."

வலி இல்லைதான். அதனால் விடாமல் போட்டாள். இதைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

எர்சிலியா டீச்சர் இரண்டு வெள்ளிக்கிழமை வரவில்லை. மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை அவருடைய மகள் ஜோசெலின் பார்லருக்குள் வந்து நின்றாள். வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"உன் மூஞ்சி ஒட்டுன டப்பிதான அது? வா. வந்து பாரு."

"என்ன ஆச்சு டீச்சருக்கு?"

"வந்து பாருன்னு சொல்றேன்ல."

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் வாசலிலேயே நாற்றம் முகத்தில் அறைந்தது. டீச்சர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைமுடி வாராமல் ஒரு பக்கமாக ஒட்டிக் கிடந்தது. அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. யுடெல்காவைக் கண்டதும் இடது கையால் முடியைத் தடவிச் சரிசெய்யப் பார்த்தார்.

"சர்க்கரை நானூறத் தாண்டிருச்சுடி. நான் ஒரு கேக்குத் துண்டுகூடத் தொடல. இவ என்னை நம்பமாட்டேங்குறா."

ஜோசெலின் தோள் கட்டைப் பிரித்தாள். பஞ்சு புண்ணோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக, நூல் நூலாக வந்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தோலே இல்லை. மஞ்சளும் பச்சையுமாகச் சீழ். ஓரங்கள் கறுத்திருந்தன. பச்சை, சீழின் பச்சையா சாயத்தின் பச்சையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கற்பூரம் எப்போதோ ஆவியாகிப் போயிருக்க, உடம்புச் சூட்டில் உருகி நின்ற கொழுப்பு மட்டும் தன் சொந்த நாற்றத்தோடு எழுந்தது.

இத்தனை மாதமாக வராத பெயர் அப்போது யுடெல்காவுக்கு வந்தது. பொரித்த கோழி. புதுக் கோழி இல்லை. பேருந்து நிலையத்து மூலையில், கறுத்த சட்டியில், வாரக்கணக்காக மாற்றாத எண்ணெயில் மறுபடி மறுபடி பொரிக்கும் கோழியின் சிக்கு நாற்றம்.

வாசல் வரைகூடப் போக முடியவில்லை. டீச்சர் வளர்த்த ரோஜாத் தொட்டியிலேயே வாந்தி எடுத்தாள்.

"வாந்தி எடுக்குறாளாம்!" ஜோசெலின் பின்னால் நின்று கத்தினாள். "நாங்க பதினஞ்சு நாளா இதோட உக்காந்து சோறு திங்கிறோம்!"

யுடெல்கா வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "கட்டு. டாக்டர்கிட்டக் கொண்டுபோவோம். வண்டிய நான் கூப்பிடுறேன்."

அல்மான்சர் அம்மாள் முதலில் டீச்சரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். அப்புறம் யுடெல்காவின் பக்கம் திரும்பினார். "நீங்களும் சட்டைய இறக்குங்க."

விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகு பூண்டு நாற்றம் வருகிறதா என்று கேட்டார். யுடெல்காவுக்கு உயிரே போய் வந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குதிரைக்குத் தடவுற மருந்து ஒண்ணு இருக்கு. தோலத் தொளைச்சுக்கிட்டுப் போகும், கூட இருக்குறதையெல்லாம் இழுத்துக்கிட்டுப் போகும். போட்டா வாய் பூண்டு மாதிரி நாறும். இந்தத் தோலப் பாத்தா ஸ்டீராய்டும் கலந்திருக்கு, கொஞ்சநஞ்சம் இல்ல. டீச்சருக்குச் சர்க்கரை ஏறுனது அதனாலதான்."

"ஆனா வலி போச்சே டாக்டர்."

"வலிய வாயப் பொத்தி வச்சிருக்கு. நீங்க கிழிஞ்ச ஜவ்வோட பதினாறு தலை வாரிக்கிட்டு இருந்திருக்கீங்க. மறுபடி படம் எடுங்க, எவ்வளவு கிழிஞ்சிருக்குன்னு பாப்போம்."

கிழிசல் இரண்டு மடங்காகியிருந்தது.

அன்று மத்தியானமே மோட்டார் சைக்கிள் டாக்சி பிடித்துக் கமூ ஆற்றங்கரைக்குப் போனாள். ரடாமேஸ் அங்கே தகரக் கூரை போட்ட வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். முன்வாசலில் யாரும் இல்லை. பக்கவாட்டில் நடந்து பின்கட்டுக்குப் போனாள். ஈக்களின் இரைச்சல்தான் முதலில் கேட்டது.

சுவரோரம் ஏழெட்டு எண்ணெய் டின்கள். ஒன்று திறந்திருந்தது. தார் போலக் கறுத்த எண்ணெய். மேலே கோழித்தோல் கருகல்கள், ஒரு கோழிக் கால், கரைந்துபோன மாவுக் கட்டிகள். விளிம்பில் ஒரு கரப்பான்பூச்சி மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது; இன்னும் இரண்டு உள்ளே மிதந்தன. பக்கத்தில் குழந்தை குளிப்பாட்டும் இளஞ்சிவப்புத் தொட்டி. அதன் வாயில் ஒரு பெண்ணின் பழைய காலுறையை இழுத்துக் கட்டி எண்ணெயை வடியவிட்டிருந்தான். தேவாலயத்து மெழுகுவத்திகளின் அடிக்கட்டைகள் ஒரு சாக்கில். பெஞ்சின்மேல் மாட்டுப் படம் போட்ட ஊசிமருந்துக் குப்பிகள், குதிரைத் தைலக் கேன், கேக்குக்குப் போடும் பச்சைச் சாயம்.

ரடாமேஸ் சட்டை இல்லாமல் நின்று துடைப்பக் கட்டையால் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தான். வியர்வை மூக்கு நுனியில் திரண்டு உள்ளே சொட்டியது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா! சொல்லாம வந்திருக்க? காபி போடவா?"

"பாம்பு எங்கடா?"

"எந்தப் பாம்பு?"

"மலைப்பாம்பு. கோன்ஸ்தான்சா பெரியவரு."

அவன் கட்டையை நிறுத்தவில்லை. "பாம்புன்னு சொன்னாத்தான் வாங்குறாங்க. கோழிக் கொழுப்புன்னா எவ வாங்குவா?"

"இது கோழிக் கொழுப்பாடா? சாக்கடையில ஊத்துறத எடுத்துட்டு வந்து..." அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இதையா என் மேல தேச்ச?"

"கொழுப்பு சும்மா வழுவழுப்புக்குத்தான்க்கா. வேலை செய்யுறது மருந்து. மாட்டுக்குக் கேக்குது, குதிரைக்குக் கேக்குது, மனுசனுக்குக் கேக்காதா? உனக்குக் கை தூக்குச்சா இல்லையா?"

"டீச்சர் தோளுல ஓட்டை விழுந்து கெடக்கு. ஆஸ்பத்திரியில கெடக்குறாங்க."

"அவளுக்குச் சர்க்கரை. சர்க்கரைக்காரி சும்மா கீறுனாலே புண்ணு ஆறாது. அதுக்கு நானா பொறுப்பு?"

"அப்ப எனக்கு? எனக்குச் சர்க்கரையா?" சட்டையைத் தோளுக்குக் கீழே இழுத்துக் காட்டினாள்.

அவன் கண்ணைத் தாழ்த்தினான். ஒரு கணம்தான். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னான். "உன் டப்பிய நான் தனியாத்தான்க்கா செய்வேன். மத்தவங்களுக்கு ஒரு குப்பி ஊத்துனா உனக்கு ரெண்டு ஊத்துவேன். நீ என்னை வளத்தவளாச்சே. உனக்குப் போய்க் கொறைச்சலாப் போடுவேனா?"

அவன் பொய் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. அவன் கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது. அந்த ஈரத்தைப் பார்ப்பதைவிட டின்னில் மிதந்த கரப்பானைக்கூட இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றிருந்தது.

"இன்னைக்கே இதக் கொட்டு. என் மூஞ்சிய டப்பியிலிருந்து எடு."

"பைத்தியமா நீ? நியூயார்க்குல இருந்து ஐந்நூறு டப்பி கேட்டிருக்காங்க. நாய் வித்த காசு குரைக்காதுக்கா. பாதி உனக்கு."

யுடெல்கா தொட்டியின் விளிம்பைக் காலால் எத்தினாள். தொட்டி அசையவில்லை, செருப்பில்தான் பிசுக்கு ஒட்டியது. வாசலுக்கு வந்ததும் இரண்டு செருப்பையும் கழற்றி ஆற்றில் வீசிவிட்டு வெறுங்காலோடு ரோடு வரை நடந்தாள்.

மறுநாள் காலை பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து மரிவெல்லிடம் போனைக் கொடுத்தாள். "நேரலையில போடு."

"யோசிச்சியா? உன் தம்பி."

"போடு."

சட்டையை இறக்கித் தோளைக் காட்டினாள். வெட்கப்படாமல், கொப்புளத்தையும் பூனை முடியையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பொரித்துக் கழித்த எண்ணெய், மெழுகுவத்திக் கட்டை, மாட்டு ஊசி, குதிரைத் தைலம் என்று ஒன்றொன்றாகச் சொன்னாள். டீச்சர் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னாள். "நான் சொல்லித்தான் நீங்க வாங்குனீங்க. தப்பு என்னோடது. வீட்டுல இருக்குறதக் குப்பையில போடுங்க. தோள் வலின்னா டாக்டர்கிட்டப் போங்க" என்று முடித்தாள்.

மாலைக்குள் நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். மரிவெல் கருத்துகளை வாசித்தாள். முதலில் சிலர் ஐயோ என்றார்கள். தம்பி முன்னேறினால் அக்காவுக்கு வயிற்றெரிச்சல் என்றார்கள் சிலர். மருந்துக் கம்பெனிக்காரன் காசு கொடுத்திருப்பான் என்றான் ஒருவன். அப்புறம் மரிவெல்லின் குரல் மெல்ல இறங்கியது.

"படி."

"வேணாம் யுடெல்கா."

"படின்னா படி."

"'ஆனா வலி போச்சுல்ல? எங்க கெடைக்கும்?' ... 'எங்க அம்மாவுக்குத் தோள் வலி, டப்பி என்ன வெலை?' ... 'கோழி எண்ணெய்னா என்ன, நாம திங்கிறதுதான?' ... 'அட்ரஸ் போடுங்க.' இப்படியே போகுது. நூத்துக்கு மேல."

யுடெல்கா போனை வாங்கித் துண்டால் துடைத்தாள். எதற்குத் துடைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு டப்பியை எடுத்துக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்கும் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் புகாரை எழுதிக்கொண்டார். ஒரு டப்பியைப் பையில் போட்டு முத்திரை வைத்தார். இன்னொன்றைத் திறந்து மோந்து பார்த்தார். "ஜோரா மணக்குதே! சோதனைக்கு ஒண்ணு போதும். என் பொண்டாட்டிக்கும் தோள்தான் பிரச்சினை..." என்று இழுத்தார். அவள் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, அங்கேயே கழிவறையில் கொட்டி, தண்ணீரை மூன்று தடவை இழுத்துவிட்டு வந்தாள். பச்சை ஒரு வளையமாகப் பீங்கானில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை.

நாலு நாள் கழித்துச் சுகாதார அலுவலக ஆட்கள் ஆற்றங்கரைக்குப் போனார்கள். வீடு காலி. ரடாமேஸ் போனாவோ பக்கம் போய்விட்டான் என்றார்கள். டப்பி வேறு பெயரில், நீல நிறத்தில் வருகிறது என்றும் கேள்வி.

எர்சிலியா டீச்சருக்குப் புண் ஆற இரண்டரை மாதம் பிடித்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். யுடெல்கா நாளொன்றுக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், படுக்கையிலேயே அவர் தலையைக் கழுவிவிட்டாள். ஜோசெலின் முதல் வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் வாரம் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். டீச்சர் மட்டும், "கணக்கு டீச்சருக்கு ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு தெரியாமப் போச்சே. ஒரே வாரத்துல போற வலி எங்கடி இருக்கு?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். யுடெல்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் தோளுக்கு வலி திரும்பி வந்தது, வட்டியோடு. தோல் தேறும்வரை எதையும் தடவக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம் டாக்டர் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை கொடுத்தார். நெஞ்சுவலிக்காரர்கள் மார்பில் ஒட்டுகிற பட்டை. அதைக் கால்வாசியாக வெட்டி, வலிக்கிற இடத்தில் தினம் ஒன்றாக, இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் கூடுமாம். முதல் பத்து நாள் தலை வெடித்தது. பட்டைக்கு எந்த வாசனையும் இல்லை. அவள் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஒட்டினாள். கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி, காலையும் மாலையும் இழுத்தாள். சனிக்கிழமைக்கு ஏழு தலை. மீதியை மரிவெல் பார்த்துக்கொண்டாள். பொரித்த கோழி வாசனை வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, ஒரு புதன்கிழமை, ஆளில்லாத நேரத்தில் ரடாமேஸ் உள்ளே வந்தான். இளைத்திருந்தான். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். கேட்காமலேயே வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தான். மரிவெல் துண்டை உதறிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

"மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்க்கா. நாலு மாசம் ஆச்சு. கையக் காதுக்கு மேல தூக்க முடியல. தூக்கமே இல்ல."

யுடெல்கா ட்ரையரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ ஒரு டாக்டரம்மாகிட்டப் போறியாமே? நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அவங்க பேரு..."

"உன் களிம்பு என்னாச்சு?"

"எது?"

"நீலக் களிம்பு. தேச்சுக்க வேண்டியதுதான?"

"சீ!" என்றான் ரடாமேஸ். மூக்கு, உதடு எல்லாம் சுருங்கிவிட்டது. தோளை உதறிக்கொண்டான், வலியையும் மறந்து. "அதப் போய் எவன் மேல தேப்பான்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

யுடெல்காவுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒரு கிண்ணத்தில் கையை விட்டபோது உள்ளே வழவழவென்று எதுவோ தட்டுப்பட்டது போல இருந்தது. பழைய ரசீதுச் சீட்டின் பின்பக்கம் அல்மான்சர் அம்மாளின் பெயரையும், செவ்வாய் வியாழன் பார்க்கிற நேரத்தையும் எழுதினாள். சீட்டை அவன் கையில் கொடுக்காமல் மேசை ஓரத்தில் வைத்துத் தள்ளினாள்.

"சரியாக எத்தனை நாள் ஆகும்க்கா?"

"ஆறு மாசம். தினமும் பயிற்சி செய்யணும்."

"ஆறு மாசமா? அதுவரைக்கும் பொழப்பு?"

அவள் ட்ரையரைக் கொக்கியில் மாட்டினாள். அவன் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான். போகும்போது பழைய பழக்கத்தில் கன்னத்தை நீட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டுகளை அடுக்கினாள்.

அவன் தெருமுனை திரும்பியதும் அவள் பிளீச்சும் தண்ணீரும் கலந்து கொண்டுவந்தாள். நாற்காலியின் சாய்மானத்தை, கைகளை, உட்காரும் இடத்தை, அடியில் இருக்கும் இரும்புக் காலை என்று எல்லாவற்றையும் துடைத்தாள். தோள் வலித்தது. கையை மாற்றிக்கொண்டு மறுபடி துடைத்தாள்.

மரிவெல் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "போயிட்டானா?"

"போயிட்டான்."

"இன்னும் எத்தனை தடவைதான் துடைப்ப?"

"மூணு மணிக்கு டீச்சர் வராங்க" என்றாள் யுடெல்கா. வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.